பாலியல் வன்முறையைத் தடுக்க ஆராய்ச்சியா? அந்த மையங்களில் நடக்கும் வேலை

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கென்றே தேசிய அளவில் ஆய்வு மையம் வைத்திருக்கிறார்களாமே. சட்டம், போலீஸ், கோர்ட் எல்லாம் இருக்கும்போது இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? அங்கே உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்?"

எவ்வளவு நடக்கிறது என்பதைச் சரியாக எண்ணுவது முதல் வேலை. தடுக்கிறோம் என்று ஊரெல்லாம் செய்யும் காரியங்களில் எது உண்மையிலேயே தடுக்கிறது என்று சோதித்துப் பார்ப்பது இரண்டாவது வேலை. போலீஸும் கோர்ட்டும் நடந்து முடிந்ததைக் கையாள்கின்றன. புகாராக வந்ததைத்தான் அவற்றால் பார்க்க முடியும். வராமல் போவதுதான் இந்த விஷயத்தில் பெரும்பங்கு.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். பாதிக்கப்பட்டவர் உடனே கூப்பிடக்கூடிய உதவி எண்ணை நடத்துவது ஒரு வகை அமைப்பு. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய 'ரெய்ன்' அந்த வகை. 2000-ல் பென்சில்வேனியாவில் தொடங்கிய தேசியப் பாலியல் வன்முறை வள மையம் வேறு வகை. ஆய்வு முடிவுகளைத் திரட்டி, களப்பணியாளர்களுக்குப் புரியும்படி எழுதி, பயிற்சி கொடுத்து, ஏப்ரல் மாத விழிப்புணர்வு இயக்கத்தை நடத்துவது அதன் வேலை. நேரடி ஆய்வும் அதற்கான நிதியும் மூன்றாவது வகை. அண்மைக் காலம் வரை அதில் கணிசமான பகுதி அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வன்முறைத் தடுப்புப் பிரிவில் நடந்து வந்தது. அவசரத்தில் இருப்பவர் ஆய்வு மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்த மூன்றாவது வகைக்கு முன்னோடி, தேசிய மனநல நிறுவனத்துக்குள் அமைந்த வல்லுறவுத் தடுப்பு, கட்டுப்பாட்டு மையம். மேரிலாந்து செனட்டர் சார்லஸ் மத்தையாஸ் இதற்காகத் தொடர்ந்து முயன்றார். சமூக மனநல மையங்கள் பற்றிய மசோதாவோடு இது சேர்ந்து வந்தது. அதிபர் ஃபோர்டு தன் மறுப்பு அதிகாரத்தால் அதைத் தடுத்தார் (வீட்டோ). 1975 ஜூலையில் காங்கிரஸ் அந்த வீட்டோவைத் தோற்கடித்துச் சட்டமாக்கியது. தனி மையமாக அது நீடித்தது பத்தாண்டு அளவுதான், 1980-களிலேயே வேறு பிரிவுக்குள் கரைந்துவிட்டது. ஆனால் அந்த நிறுவனத்தின் நிதியில் நடந்த சில ஆய்வுகள் இந்தத் துறையின் அடித்தளத்தையே மாற்றிப்போட்டன.

அதில் ஒன்று ஆய்வாளர் டயானா ரஸ்ஸல் 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடத்தியது. மொத்தம் 930 பெண்கள். பயிற்சி பெற்ற பெண்கள் வீடு வீடாகப் போய் நேரில் பேசினார்கள். 24 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது வல்லுறவுக்கு ஆளானதைச் சொன்னார்கள். முயற்சிகளையும் சேர்த்தால் 44 சதவீதம். இன்னொன்று உளவியலாளர் மேரி காஸ் நடத்திய, 32 கல்வி நிறுவனங்களின் 6,159 மாணவ மாணவியரிடம் எடுத்த கணக்கு. 1987-ல் வெளியானது. 14 வயதுக்குப் பிறகு வல்லுறவோ அதற்கான முயற்சியோ நேர்ந்ததாக 27.5 சதவீத மாணவிகள் தெரிவித்தார்கள். சட்டத்தின் பார்வையில் வல்லுறவுக்குள் வரும் அனுபவம் உடைய பெண்களில் சுமார் கால்வாசிப் பேர்தான் அதை 'வல்லுறவு' என்ற பெயரால் அழைத்தார்கள். செய்தவர் பெரும்பாலும் தெரிந்த ஆள். போலீசுக்குப் போனது நூற்றுக்கு ஐந்து அளவுதான்.

அந்த 'கால்வாசி' சொல்வது முக்கியமான விஷயம். 'வல்லுறவு' என்ற சொல்லை வைத்துக் கேட்டால் விடை வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். "உங்களுக்கு எப்போதாவது வல்லுறவு நேர்ந்ததா?" என்று கேள்வித்தாளில் எழுதினால், பதில் சொல்பவர் மனதுக்குள் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நடந்ததை நினைவுபடுத்த வேண்டும், அதற்குச் சட்டப் பெயர் சூட்ட வேண்டும், செய்தவன் குற்றவாளி என்று முடிவெடுக்க வேண்டும். செய்தவன் கணவனாகவோ நண்பனாகவோ இருந்துவிட்டால் இரண்டாவது படியிலேயே 'இல்லை' என்று டிக் விழும். அதற்குப் பதில் நடத்தையை மட்டும் விவரித்துக் கேட்பார்கள்: "நீங்கள் விரும்பாதபோது, உங்களை அழுத்திப் பிடித்தோ நகரவிடாமல் செய்தோ யாராவது உங்களுடன் உடலுறவு கொண்டதுண்டா?" அடுத்த கேள்வி அதே செயல், ஆனால் மிரட்டல். அதற்கடுத்தது, நினைவில்லாத அளவு போதையில் இருந்தபோது. ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு செயல், ஒரு வழிமுறை. 'அல்லது' போட்டு நான்கைந்தை ஒரே வாக்கியத்தில் அடைத்தால் எதற்கு 'ஆம்' சொன்னார் என்று பிறகு பிரிக்க முடியாது.

இது வெறும் எழுத்து நாகரிகம் இல்லை. கல்லூரி ஆண்டு 1996–97-ல் மாணவிகளிடம் ஒரே காலத்தில் இரண்டு தேசியக் கணக்கெடுப்புகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் 4,400-க்கு மேற்பட்டவர்கள். ஒன்று நடத்தையை விவரித்துக் கேட்டது, மற்றது நீதித் துறை ஆண்டுதோறும் எடுக்கும் குற்றக் கணக்கெடுப்பின் வழக்கமான சொற்களைப் பயன்படுத்தியது. முதலாவதில் முழுமையான வல்லுறவு, அதாவது முயற்சியோடு நிற்காதது, 1.7 சதவீதம். இரண்டாவதில் 0.16 சதவீதம். கேள்வியின் சொல்லமைப்பு மாறியதும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! 2010-ல் தொடங்கிய தேசிய நெருங்கிய உறவு, பாலியல் வன்முறைக் கணக்கெடுப்பு நடத்தை சார்ந்த கேள்விகளையே வைத்தது. அதில் வாழ்நாளில் வல்லுறவோ அதற்கான முயற்சியோ நேர்ந்ததாகச் சொன்னவர்கள் பெண்களில் 18.3 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. நீதித் துறையின் குற்றக் கணக்கெடுப்பு இதைவிட எப்போதும் மிகக் குறைவாகவே காட்டி வந்தது. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்று வாதாடுபவர்கள் முதலில் இரண்டு கேள்வித்தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

வரையறையும் இதே வேலையைச் செய்யும். எஃப்.பி.ஐ. 1920-களிலிருந்து வல்லுறவைப் பெண்ணுக்கு, பலவந்தமாக நடந்தால் மட்டும் என்று எண்ணி வந்தது. 2012-ல் புதிய வரையறையை அறிவித்து 2013 முதல் கணக்கில் கொண்டுவந்தார்கள். ஆண்களும் உள்ளே வந்தார்கள், பலவந்தம் என்ற நிபந்தனை போய்ச் சம்மதமின்மை வந்தது. அந்த ஆண்டை ஒட்டி வரைபடம் மேலே ஏறினால் குற்றம் பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு வரையறைகளின் எண்களை ஒரே கோட்டில் வரைவது இன்றும் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிற தவறு.

கேட்கும் முறையிலும் நெளிவு சுளிவுகள் உண்டு. தொலைபேசியில் வீட்டில் யார் எடுத்தாலும் முதலில் பொதுவான ஆரோக்கியக் கணக்கெடுப்பு என்று மட்டும் சொல்வார்கள். தேர்வான நபர் தனியாக இருப்பது உறுதியான பிறகுதான் உண்மையான தலைப்பைச் சொல்லி மறுபடி சம்மதம் கேட்பார்கள். காரணம் எளிது: வன்முறை செய்பவரே பக்கத்து அறையில் இருக்கலாம். நேரில் போகும் கணக்கெடுப்பாளர் கையில் சமையல், தடுப்பூசி மாதிரி சாதாரணக் கேள்விகள் கொண்ட இன்னொரு தாள் இருக்கும். யாராவது உள்ளே வந்தால் பேச்சு அதற்கு மாறிவிடும். ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டுமே கேட்க வேண்டும். இரண்டு பேரிடம் கேட்டால் என்ன கேட்டார்கள் என்பது வீட்டுக்குள் தெரிந்துவிடும். பேட்டி முடியும்போது எல்லோருக்கும், 'ஆம்' சொன்னவருக்கும் 'இல்லை' சொன்னவருக்கும், ஒரே உதவிப் பட்டியல் கொடுப்பார்கள். 'ஆம்' சொன்னவருக்கு மட்டும் கொடுத்தால் அந்தத் துண்டுச் சீட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தினால் தடுப்புக்கு அது உதவாது. தடுக்க வேண்டியது செய்பவரை. காஸ் ஆய்வில் ஆண்களிடமும் பெயரில்லாமல் கேட்டார்கள், 7.7 சதவீதம் பேர் சட்டப்படி வல்லுறவோ முயற்சியோ ஆகும் செயலைத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். இங்கும் அதே சூத்திரம்: பெயர் சூட்டாமல் செயலை விவரித்தால் பதில் வருகிறது. 2002-ல் லிசாக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1,882 ஆண்களில் 120 பேரை இப்படி அடையாளம் கண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைக்கு மேல் செய்தவர்கள். அதை வைத்து 'ஒரு சிறு கும்பல்தான் எல்லாவற்றையும் செய்கிறது, அவர்களைப் பிடித்தால் போதும்' என்ற எண்ணம் கல்லூரி நிர்வாகங்களில் வேரூன்றியது. 2015-ல் ஸ்வார்ட்அவுட் குழு ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது படம் அவ்வளவு எளிமையாக இல்லை. கல்லூரியில் செய்தவர்களில் பெரும்பான்மையோர் ஆண்டுதோறும் தொடர்ந்து செய்பவர்கள் அல்ல. ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்கும் எல்லோர் நடுவிலும் வேலை செய்வதற்கும் தேவையான பணமும் ஆட்களும் வேறு வேறு. ஆகவே இந்தச் சர்ச்சை வெறும் பேராசிரியர் சண்டை இல்லை.

சரி, எண்ணியாயிற்று. எது தடுக்கிறது?

இதற்கு வரும் பதில் பலருக்குக் கசக்கும். நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் 2014-ல், அதுவரை நடந்த 140 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கறாரான சோதனையில் வன்முறை நடத்தையையே குறைத்துக் காட்டியவை மூன்றே மூன்று. 'சேஃப் டேட்ஸ்', 'ஷிஃப்டிங் பவுண்டரீஸ்' என்ற இரண்டு பள்ளித் திட்டங்கள், பிறகு பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் 1994 வழியாகப் போன நிதி. மற்றவற்றில் பெரும்பாலானவை கல்லூரி மாணவர்களுக்கு ஒரே அமர்வில் முடிந்துபோன உரைகள். அரங்கில் கூட்டி, ஸ்லைடு போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பும் அந்த ஒரு மணி நேரம் நடத்தையை மாற்றியதற்குச் சான்று இல்லை. மனப்பான்மை மதிப்பெண் அன்றைக்கு ஏறும், சில வாரங்களில் பழைய இடத்துக்கே இறங்கும். நிர்வாகத்துக்குப் 'பயிற்சி கொடுத்தோம்' என்ற கோப்பு கிடைக்கும். என் கணிப்பில் இந்தத் துறையில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

பலன் தந்தவற்றை அருகில் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். சேஃப் டேட்ஸ் வட கரோலினாவின் 14 பள்ளிகளில் சோதிக்கப்பட்டது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு. பத்து வகுப்புப் பாடங்கள், மாணவர்கள் நடிக்கும் ஒரு நாடகம், சுவரொட்டிப் போட்டி. நான்கு ஆண்டுகள் கழித்தும் வித்தியாசம் தெரிந்தது. நடுவில் சிலருக்கு நினைவூட்டலாகக் கூடுதல் பாடம் அனுப்பிப் பார்த்தார்கள், அதனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. 'இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது. வயதும் முக்கியம். 2010 கணக்கெடுப்பில், முழுமையான வல்லுறவுக்கு ஆளான பெண்களில் 42 சதவீதத்துக்கு முதல் நிகழ்வு 18 வயதுக்கு முன்பே நடந்திருந்தது. கல்லூரிக்கு வந்தபின் தொடங்கும் பாடம் இவர்களுக்குத் தாமதமான பாடம்.

ஷிஃப்டிங் பவுண்டரீஸ் இன்னும் சுவாரசியமானது. நியூயார்க் நகரின் 30 பள்ளிகள், ஆறாம் ஏழாம் வகுப்பு. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள்: வகுப்புப் பாடம் மட்டும், கட்டட அளவிலான வேலை மட்டும், இரண்டும், எதுவும் இல்லை. பாடம் மட்டும் நடந்த பள்ளிகளில் பாலியல் வன்முறை குறையவில்லை. கட்டட வேலை நடந்த பள்ளிகளில் குறைந்தது.

அந்தக் கட்டட வேலை என்ன? மாணவர்களுக்குப் பள்ளியின் தரைப்பட நகலைக் கொடுத்து, பாதுகாப்பாக உணரும் இடத்துக்கு ஒரு நிறம், பயப்படும் இடத்துக்கு வேறு நிறம் அடிக்கச் சொல்வார்கள். பெயர் எழுதக் கூடாது. திரும்பி வந்த தாள்களை ஒன்றாகத் தொகுத்தால் படிக்கட்டுத் திருப்பம், உடைமாற்றும் அறை வாசல், பின்புற நடைபாதை என்று சில இடங்களில் நிறம் குவிந்து நிற்கும். ஆசிரியர்களைக் கேட்டால் பெரும்பாலும் வேறு இடங்களைச் சொல்வார்கள், அவர்கள் நிற்கும் இடத்தில் எதுவும் நடக்காதல்லவா. பிறகு கண்காணிப்புப் பணியை அந்த இடங்களுக்கு, அந்த நேரங்களுக்கு மாற்றுவார்கள். கூடவே சுவரொட்டிகளும், தொந்தரவு செய்தவர் விலகியிருக்க வேண்டிய எல்லையை எழுத்தில் வைக்கும் தற்காலிக ஒப்பந்தமும் உண்டு. செலவு மிகக் குறைவு. வேறு எங்காவது செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எந்த மணி நேரம் என்ற கேள்வியைத் தாளில் சேர்க்க மறக்க வேண்டாம். இடம் மட்டும் தெரிந்தால் ஆளை நாள் முழுக்க நிறுத்த வேண்டிவரும், இரண்டே வாரத்தில் அது கைவிடப்படும்.

பெண்களுக்கான பயிற்சி பற்றி ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு: 'தடுக்கும் சுமையை ஏன் அவர்கள் தலையில் வைக்கிறீர்கள்?' நியாயமான கேள்விதான். ஆனால் கனடாவில் சார்லீன் சென் குழு 893 முதலாண்டு மாணவிகளிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட சோதனையைத் தள்ளிவிட முடியாது. மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள். தெரிந்த ஆளிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, 'அவர் தப்பாக நினைப்பாரே' என்ற தயக்கத்தைத் தாண்டுவது, வாயாலும் உடலாலும் எதிர்ப்பது, தன் விருப்பம் எது என்று தனக்கே தெளிவது. ஓராண்டில் முழுமையான வல்லுறவு ஒப்பீட்டுக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களில் 5.2. இது பூட்டு வாங்கச் சொல்லும் அறிவுரை இல்லை. பொறுப்பு செய்பவனுடையது என்பது பாடத்திலேயே இருக்கிறது. தன்னையே பழித்துக்கொள்வதும் குறைந்தது. ஆண்களிடம் செய்யும் வேலைக்கு மாற்றாக இதைக் கொண்டுவந்தால்தான் தவறு.

சோதனையைத் திட்டமிடும்போது கணக்கு இடறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவில் 8 சதவீதம், திட்டம் அதைப் பாதியாக்கி 4-க்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கிறோம் என வைத்துக்கொள்வோம். இதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்குச் சுமார் 550 பேர் வேண்டும். பள்ளி பள்ளியாகக் குலுக்கினால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் எண்ணிக்கை ஏறும். பள்ளிக்கு 100 பேர், அந்த ஒத்திருப்பின் அளவு (பூஜ்யம் முதல் ஒன்று வரை) வெறும் 0.01 என்றாலே அது இரட்டிப்பாகி 1,100 ஆகும். ஓராண்டில் கால்வாசிப் பேர் விலகுவார்கள் என்று சேர்த்தால் சுமார் 1,470. ஒரு குழுவுக்கு மட்டும்! ஒரு பள்ளியில் 60 பேரை வைத்து 'முன்', 'பின்' தாள் கொடுத்துவிட்டு வெற்றி என்று அறிவிக்கும் அறிக்கைகள் எதை அளக்கின்றன என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

புகார் எண்ணிக்கையை அளவுகோலாக வைப்பது அடுத்த பிழை. திட்டம் நன்றாக நடந்தால் முதல் ஆண்டில் புகார் கூடும். நடந்ததற்குப் பெயர் தெரிகிறது, சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வருகிறது. புகார் குறைந்தால் மதிப்பெண் என்று நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டால், புகாரைக் குறைக்கும் எளிய வழியை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிதியும் காலமும் ஒத்துப்போகாதது கடைசிச் சிக்கல். 'கிரீன் டாட்' என்ற திட்டம் வேடிக்கை பார்ப்பவர்களைக் குறுக்கிடச் செய்வது: பேச்சை மாற்றுவது, நண்பனைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியேறுவது, நேராகத் தடுப்பது, முடியாவிட்டால் இன்னொருவரை அழைப்பது. கென்டக்கியின் 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஐந்தாண்டுச் சோதனை நடந்தது. முதலில் பள்ளி முழுக்க உரைகள், அதற்குப் பிறகு மற்ற மாணவர்கள் பார்த்துப் பின்பற்றும் செல்வாக்குள்ள சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனிப் பயிற்சி. அவர்களிடமிருந்து பழக்கம் மற்றவர்களுக்குப் பரவ வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். வன்முறை குறைந்தது தெளிவாகத் தெரிந்தது மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான். இரண்டாண்டு மானியத்தில் இதே சோதனையை நடத்தியிருந்தால், 'பலன் இல்லை' என்று எழுதி மூடியிருப்பார்கள்.